திருவாரூர் – காரைக்குடிப் பாசஞ்சர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் பாசஞ்சர் ரயிலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறையேனும் அதில் ஏறிச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பாதையோரத்து ஊர்களிலிருந்தே வந்தவை. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அகலப்பாதையாக மாற்றிய பிறகும் இந்த ரயில் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். புதிய தண்டவாளம், புதிய பாலங்கள் எல்லாம் போட்ட பின்னும் இந்தத் தாமதம் ஏன்? கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள் என்பது உண்மைதானா?
– வாசகி, சென்னை

பதில்: உண்மைதான், அம்மா. 2019 ஜூன் மாதம் முழுப் பாதையிலும் டெமு (தனி எஞ்சின் இல்லாத டீசல் பெட்டித் தொடர்) ரயில் ஓடத் தொடங்கியபோது, வழியிலுள்ள லெவல் கிராசிங்குகளுக்குப் போதுமான கேட் கீப்பர்கள் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. எனவே ரயிலின் முன்பெட்டியில் ஒருவரும் பின்பெட்டியில் ஒருவரும் பணியாளராக ஏறிக்கொண்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். முன்பெட்டிக்காரர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். ரயில் மெல்ல நகர்ந்து கேட்டைத் தாண்டி மீண்டும் நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கிக் கேட்டைத் திறந்து, சாலையில் காத்திருக்கும் வண்டிகளுக்கு வழிவிட்ட பின் ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே வேலை. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்ற மிதமான வேகத்தில் சென்றாலும் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். மீதி மூன்று மணி நேரத்தைக் கேட்டுகளே தின்றன.

இதன் வேர் சற்று ஆழமானது. ஆளில்லாத லெவல் கிராசிங்குகளில் நேர்ந்த விபத்துகளுக்குப் பின், அகலப்பாதைகளில் அத்தகைய கிராசிங்குகளை அறவே ஒழிப்பதென்று ரயில்வே முடிவெடுத்து, 2019 தொடக்கத்தில் அப்பணியை முடித்தது. மிக நல்ல முடிவு அது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கேட் இருந்தால் ஆள் இருக்க வேண்டும், ஆளை வைக்க முடியாவிட்டால் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்ட வேண்டும் என்ற நிலை அதனால் வந்தது. காவிரி டெல்டாவில் சுரங்கப்பாதை தோண்டுவது எளிதன்று. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மண்ணில், ஐப்பசி கார்த்திகை மழையில், பள்ளத்தில் அமைந்த சாலை குளமாகிவிடும். அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய வண்டியும் அதற்குள் நுழைய முடியாது. ஆகவே இங்கே கேட்டுகள் மற்ற இடங்களைவிட அதிகமாகவே எஞ்சின. பின்னர் முன்னாள் படைவீரர்களை ஒப்பந்த முறையில் கேட் கீப்பர்களாக அமர்த்திய பிறகு பயண நேரம் வெகுவாகக் குறைந்தது. தண்டவாளத்துக்குப் பெரும் தொகை செலவழித்துவிட்டு, கேட்டைச் சாத்த ஆளின்றி அந்தத் தண்டவாளத்தின் பயனைப் பாதியாக்கிக்கொண்டது இப்பாதையின் கதையில் மறக்கக்கூடாத பகுதி. கிராமத்துக் கிளைப்பாதை என்றால் மெதுவாகத்தான் போகும் என்று மக்கள் அன்று முடிவு கட்டிவிட்டார்கள். நேரம் குறைந்த பிறகும் அந்த எண்ணம் எளிதில் மாறவில்லை.

கேள்வி: மாயவரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்த ரயில் பாதை, தஞ்சை ஜில்லா மக்கள் வரி கொடுத்துப் போட்டது என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஆதாரம் உண்டா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் பாட்டனார் சொன்னது சரி. அக்காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ரயில் பாதை போடுவதற்கென்றே நிலத்தின் ஆண்டு வாடகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி (அக்காலச் சிறுகாசு) வீதம் தனி வரி வசூலித்தது. அந்தப் பணத்தை அடிப்படையாகக் கொண்டு மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையிலான பாதை 1894இல் திறக்கப்பட்டது. 1902இல் பட்டுக்கோட்டைக்கும், 1903இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. பாதை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். ரயிலை ஓட்டும் பொறுப்பு மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் இருந்தது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி வரையிலான பகுதி நாடு விடுதலை பெற்ற பின், 1952இல் சேர்ந்தது.

லண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய மூலதனத்தில் பல பாதைகள் போடப்பட்ட காலத்தில், நெல் விளைத்தவர்களின் காசில் உருவான பாதை இது. இந்தப் பாதையில் ஒரு ரயில் கூடுதலாகக் கேட்கும் எவரும் சலுகை கேட்பவர் அல்லர் என்று நான் கருதுவதற்கு இந்த வரலாறே காரணம்.

கேள்வி: பட்டுக்கோட்டைப் பகுதியில் படிக்கும் மாணவன் நான். ரயிலில் கூட்டமில்லை, அதனால்தான் அதிக ரயில் விடவில்லை என்கிறார்கள். ரயில் இல்லாததால்தான் கூட்டமில்லை என்று நாங்கள் சொல்கிறோம். எது சரி?
– வாசகர், பேராவூரணி

பதில்: வந்த கடிதங்களில் மிகவும் அடிப்படையான கேள்வி இது. சுருக்கமாகச் சொல்வதென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி; ஆனால் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதற்காரணம், நெடுங்கால அடைப்பு. அகலப்பாதைப் பணிக்காக 2012இல் இந்தப் பாதை மூடப்பட்டது. காரைக்குடி – பட்டுக்கோட்டைப் பகுதி 2018 மார்ச்சிலும், பட்டுக்கோட்டை – திருவாரூர் பகுதி 2019 ஜூனிலும்தான் திறந்தன. ஆறேழு ஆண்டுகள் என்பது ஒரு மாணவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம். அந்த இடைவெளியில் ரயிலில் பள்ளிக்குப் போய்ப் பழகாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. சந்தைக்கு மீனும் கீரையும் கொண்டுபோனவர்கள் ஷேர் ஆட்டோவுக்கும் சிறு சரக்கு வண்டிக்கும் மாறிவிட்டார்கள். மாறியவர்கள் திரும்ப வேண்டுமானால், முன்பிருந்ததைவிட நல்ல சேவை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ, நாளுக்கு ஒரு ரயில், அதுவும் கேட்டுக்குக் கேட் நின்றபடி. அடுத்த ஆண்டே கொரோனா வந்து எல்லாப் பாசஞ்சர்களும் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கியபோது அவை சிறப்பு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறி, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாயாகிவிட்டது. 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடியும் பத்து ரூபாய்க்குத் திரும்பியது.

இரண்டாவது, பேருந்து. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அது எத்தனையோ குடும்பங்களின் மாதச் செலவைக் குறைத்த திட்டம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் செல்லும் பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து அடிக்கடி கிடைக்கும்போது, எப்போதோ வரும் ரயிலுக்காக ஊருக்கு வெளியே இருக்கும் நிலையத்துக்கு அவர்கள் நடக்க மாட்டார்கள். குறுந்தொலைவில் ரயில் பேருந்தை வெல்ல முடியாது. அது வெல்லக்கூடியது நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்களில்: பேராவூரணியிலிருந்து திருவாரூருக்கு, முத்துப்பேட்டையிலிருந்து காரைக்குடிக்கு, அறந்தாங்கியிலிருந்து மயிலாடுதுறைக்கு. அங்கே பேருந்தில் சென்றால் இடையில் மாற வேண்டியிருக்கும். செலவும் பல மடங்காகும்.

மூன்றாவதும் முதன்மையானதும் நேரம். ஒரு கிளைப்பாதையின் உயிர் அதன் கால அட்டவணையில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் கல்லூரி இருக்கும் ஊரிலோ அரசு அலுவலகம் இருக்கும் ஊரிலோ இறக்கிவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பின் திரும்ப அழைத்துவரும் ஒரு ஜோடி ரயில், நடுப்பகலில் ஓடும் மூன்று ரயில்களைவிட அதிகம் பேரைச் சுமக்கும். நாளுக்கு ஒரே ரயில் காலையில் ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனை சென்று மாலையில் திரும்பினால், அது ஒரு முனையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பயன்படும். மறுமுனையில் இருப்பவர் நடுப்பகலில் புறப்பட்டு அன்றிரவு ஊர் திரும்ப வழியில்லை. அப்படி ஓட்டிவிட்டுப் பயணிகளை எண்ணுவது முறையான கணக்கு ஆகாது. போய்வரக்கூடிய நேரத்தில் ஓராண்டேனும் தொடர்ந்து ஓட்டிய பிறகு எண்ணப்படும் கணக்கைத்தான் நான் ஏற்பேன்.

கேள்வி: தாம்பரம் – செங்கோட்டை ரயிலும், எர்ணாகுளம் – வேளாங்கண்ணி ரயிலும் இப்போது எங்கள் பாதையில் செல்கின்றன. இதன் பிறகும் இது நலிந்த பாதை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அந்த ரயில்கள் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. காரைக்குடிக்குச் சென்ற பழைய கம்பன் எக்ஸ்பிரஸ் நின்ற பின் அறுந்துபோயிருந்த சென்னைத் தொடர்பை, 2023 ஏப்ரலில் தொடங்கி வாரம் மும்முறை ஓடும் செங்கோட்டை ரயில் ஓரளவு மீட்டிருக்கிறது. ஆனால் தொலைதூர ரயில் ஒரு பாதையைப் பயன்படுத்துவதும், அந்தப் பாதையோரத்து மக்கள் ரயிலைப் பயன்படுத்துவதும் வெவ்வேறு. தில்லைவிளாகத்திலும் ஒட்டங்காட்டிலும் ஆயிங்குடியிலும் இருப்பவருக்கு, நிற்காமல் செல்லும் எக்ஸ்பிரஸ் கேட் மூடும் நேரமாக மட்டுமே தெரியும். பாதை பிழைத்திருக்கிறது; பாசஞ்சர்தான் நலிந்திருக்கிறது.

கேள்வி: ரயிலில் கழிவறை உண்டா? என் கணவருக்குச் சர்க்கரை நோய்.
– வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: டெமு ரயில்களில் பழைய பெட்டித் தொடர்கள் பலவற்றில் கழிவறை இல்லை, பின்னர் வந்தவற்றில் உண்டு. எந்தத் தொடர் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத காரணத்தால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர் ரயிலுக்காகச் சந்திப்புகளிலும் பெரிய நிலையங்களிலும் ரயில் சற்றுக் கூடுதலாக நிற்கும்போது இறங்கிச் செல்லலாம் என்றாலும், அது முதியவர்களிடம் சொல்லக்கூடிய ஆலோசனை அன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் எந்த ரயிலிலும் கழிவறை கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் மீண்டும் வருமா?
– வாசகர், பொறையார்

பதில்: 1926இல் திறந்து 1986இல் மூடிய பாதை அது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று அதன் நிலையங்கள் இருந்த ஊர்கள் இன்று முன்னைவிடப் பெரிதாகியிருக்கின்றன. அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூர் வருவோரின் எண்ணிக்கை ஒன்றே அங்கே ஒரு ரயிலுக்குப் போதுமான காரணம். அண்மையில் மீண்ட பாதைகளும் உண்டு. திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1987இல் மூடிய பேரளம் – காரைக்கால் பாதையிலும் அகலப்பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் இவ்விரண்டுக்கும் சரக்கு என்ற துணை உண்டு: முன்னதற்கு வேதாரண்யம் பகுதியின் உப்பு, பின்னதற்குக் காரைக்கால் துறைமுகம். தரங்கம்பாடிக்கு அப்படியொரு சரக்கு இல்லை. அகத்தியம்பள்ளிக்கு அப்பால் கோடியக்கரை வரை சென்ற பழைய பாதை மீளாததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பயணிகளுக்காக மட்டுமே ஒரு பாதையை மீட்க ரயில்வே இப்போது தயாராக இல்லை என்பதால், விரைவில் வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பாதை மூடப்பட்டுத் தண்டவாளம் அகற்றப்பட்டால் அதை மீட்பது எத்தனை கடினம் என்பதற்கு உங்கள் ஊரே சான்று.

கேள்வி: நட்டத்தில் ஓடும் ரயிலை எல்லோருடைய வரிப்பணத்திலும் ஏன் ஓட்ட வேண்டும்? ஜப்பானும் பிரிட்டனும் இத்தகைய பாதைகளை மூடிவிடவில்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூடினார்கள். பிரிட்டனில் 1963இல் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. அதில் பெரும்பகுதி நடந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு நட்டம் குறையவில்லை. கிளைப்பாதையில் ஏறிய பயணி அதோடு நின்றுவிடுவதில்லை. சந்திப்பில் இறங்கிப் பெரிய ரயிலில் நெடுந்தொலைவு செல்கிறார். கிளையை வெட்டியபோது அவர் சந்திப்பு வரை பேருந்தில் வந்து ரயிலேறவில்லை; காரை வாங்கிக்கொண்டு ரயிலையே விட்டுவிட்டார். வாய்க்காலை அடைத்துவிட்டு ஆற்றில் நீர் குறைந்ததேன் என்று கேட்பது போன்ற நிலை அது.

ஜப்பான் வேறு வழியில் சென்றது. 1980இல் வந்த சட்டத்தின்படி, பயணிகள் அடர்த்தி குறைந்த 83 கிளைப்பாதைகளை ஆராய்ந்து, அவற்றில் 45ஐப் பேருந்துக்கு மாற்றினார்கள். மீதமிருந்த 38 பாதைகளும் மூடப்படாமல் வேறு நிறுவனங்களிடம் சென்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை, உள்ளாட்சி அமைப்புகளும் தனியாரும் முதலிட்டு உருவாக்கிய உள்ளூர் நிறுவனங்கள் ஏற்றன. உள்ளூர் மக்களுக்கு வேண்டிய ரயிலை உள்ளூர் அமைப்பே ஏற்று நடத்தும் முறை அது. மேலே சொன்ன தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ஏறக்குறைய அதையேதான் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு செய்தது. எல்லாக் கிளைப்பாதைகளையும் எக்காலமும் ஓட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முடிவெடுப்பவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நட்டம் பற்றி: ஒரு பயணிக்கு நூறு ரூபாய் செலவானால் கட்டணமாகக் கிடைப்பது சராசரியாக ஏறத்தாழ ஐம்பத்தைந்து ரூபாய் என்று ரயில்வே அமைச்சகமே சொல்லிவருகிறது. அப்படியானால் மானியம் கிராமத்துப் பாசஞ்சருக்கு மட்டும் உரியதன்று. பயணிகள் சேவை முழுவதற்குமே பொதுவானது. நகரத்துப் பயணி பெறும்போது உரிமையாக இருப்பது, பேராவூரணிக்காரர் பெறும்போது மட்டும் வீண்செலவாகிவிடாது.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்து, அடுத்த மாதம் மனைவியுடன் இந்த ரயிலில் செல்ல விரும்புகிறேன். எந்தப் பக்கம் உட்காரலாம்? முன்பதிவு வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: முன்பதிவு கிடையாது, ஐயா, நிலையத்திலேயே சீட்டு வாங்கலாம். சிறிய ஹால்ட்டுகளில் ரயில்வே ஊழியருக்குப் பதிலாகக் கமிஷன் அடிப்படையில் சீட்டு விற்கும் முகவர் இருப்பார். அவரிடம் சில்லறையாகக் கொடுப்பது நல்லது. ஓடும் நாளையும் நேரத்தையும் புறப்படுவதற்கு முந்தைய நாள் ரயில்வேயின் விசாரணைச் செயலியிலோ 139 எண்ணிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து தொடங்குவதே சிறப்பு. மாவூர், திருநெல்லிக்காவல், ஆலத்தம்பாடி வரை இருபுறமும் வயல். தை மாதம் சென்றால் அறுவடை நடந்துகொண்டிருக்கும். திருத்துறைப்பூண்டிக்குப் பின் நிலம் கடலை நோக்கிச் சாய்ந்து, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் காற்றிலேயே உப்பு தெரியும். காரைக்குடி நோக்கிச் செல்கையில் அந்தப் பகுதியில் இடப்புறம் உட்கார்ந்தால் கடற்பக்கம். பட்டுக்கோட்டை தொடங்கிப் பேராவூரணி தாண்டும் வரை தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் வீழ்த்திய தோப்புகளில் மறுபடி நட்ட தென்னம்பிள்ளைகள் வளர்ந்து நிற்பதை நெருங்கிப் பார்க்கலாம். அறந்தாங்கிக்குப் பின் மண் சிவந்து, கண்மாய்களும் முள்மரங்களுமாக நிலம் வேறாகிவிடும். அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற புதுவயலைத் தாண்டினால் காரைக்குடி. காவிரிப் பாசன நிலத்திலிருந்து செட்டிநாட்டு வறண்ட நிலத்துக்கு ஒரே இருக்கையில் அமர்ந்தபடி செல்லும் பயணம் இது. உணவும் குடிநீரும் கையோடு கொண்டுசெல்லுங்கள். வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: ரயில் நேரத்தை மாற்றக் கோரி யாருக்கு எழுத வேண்டும்? நாங்கள் பலமுறை மனு கொடுத்துப் பார்த்துவிட்டோம்.
– வர்த்தகர், முத்துப்பேட்டை

பதில்: பெரும்பாலான மனுக்கள் 'கூடுதல் ரயில் வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. கூடுதல் ரயிலுக்குப் பெட்டி வேண்டும், ஓட்டுநர் வேண்டும், ஒற்றைப் பாதையில் எதிர் ரயில் ஒதுங்க இடம் வேண்டும். எனவே அதை மறுப்பது எளிது. இருக்கும் ரயிலின் நேரத்தை அரைமணியோ ஒருமணியோ நகர்த்தக் கேட்பதை மறுப்பது அவ்வளவு எளிதன்று. எந்தக் கல்லூரி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மாணவர்கள் சீசன் டிக்கெட் வாங்கத் தயாராக இருக்கிறார்கள், சந்திப்பில் எந்த ரயில் எத்தனை நிமிட இடைவெளியில் தவறுகிறது என்று எண்களோடு எழுதி, கல்லூரி முதல்வர், வர்த்தக சங்கம், ஊராட்சித் தலைவர்கள் ஆகியோரின் கையொப்பத்துடன் அனுப்புங்கள்.

அனுப்ப வேண்டிய இடம் திருச்சிக் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகம். ஆனால் காரைக்குடிச் சந்திப்பு மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அங்கே இணைப்பு ரயில் தொடர்பான கோரிக்கையை இரு கோட்டங்களுக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஒவ்வொரு கோட்டத்திலும் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. வணிகர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெறுவார்கள். உங்கள் சங்கம் அந்த இடத்துக்கு முயல வேண்டும். கால அட்டவணை வெளியாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் வரைவு தயாராகிவிடும். வெளியான பிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். எனவே இப்போதே எழுதி, நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு படி அனுப்பி, எழுத்துமூலம் பதில் கேளுங்கள். மனுவின் படியை எனக்கும் அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுகிறேன்.